மறக்கருணையும் ஊன்றுகோலும்

திருச்சிற்றம்பலம்

இன்பம் வந்துழி இறைவன் அருளினான் என்று கூறுதல் யாவர்க்கும் எளிது. துன்பம் வந்துழியும் அவ்வாறே கூறுதல் மிக அரிது. பயிர் விளைந்து, பிணி நீங்கி, மக்கள் நலமுற்றிருக்குங்கால் திருநீறணிந்து குவிந்த கை, விளைவு பொய்த்து நோய் முதிர்ந்தவிடத்துத் தளர்கின்றது. "இத்துணைக் காலம் செய்த வழிபாடு யாதாயிற்று? அன்பே உருவானவன் என்று நூல்கள் கூறும் இறைவன் எங்குற்றான்?" என்று நெஞ்சம் வினவுகின்றது. இவ்வினாவை நாத்திகம் என்று தள்ளிவிடுதல் முறையன்று. இஃது அன்புடையார் நெஞ்சிலேயே பெரிதும் எழுவது. அன்பில்லாதார்க்கு இறைவன்பால் எதிர்பார்ப்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஆகலின், இதற்குச் சித்தாந்த நூல்கள் கூறும் விடையையும், அவ்விடை அடியார் ஒருவர் வாழ்க்கையில் விளங்கிய திறத்தையும் ஆராய்தல் பயனுடைத்தாம்.

இறைவனது கருணை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இருதிறப்படும். உயிர் வேண்டியதை அளித்து இனிது நடத்துவது அறக்கருணை. ஒறுத்துத் திருத்துவது மறக்கருணை. இவ்விரண்டனுள் கருணை என்பதே பொதுவாய் நிற்பது. அறமும் மறமும் அதன் நடையே அன்றி வேறு பொருளல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்துள், பெற்றோர் தம் மக்களை அடித்துத் திருத்துவதையும், மருத்துவன் ஒரு நோயைக் கீறியறுத்தும் மற்றொரு நோயை இனிய மருந்தூட்டியும் தீர்ப்பதையும் உவமையாகக் காட்டி இவ்வுண்மையை நிறுவினார். கத்தி எடுத்தவனும் பால் கொடுத்தவனும் ஒருவனே. அவன் கருதியதும் ஒன்றே. அது நோயாளன் பிழைக்க வேண்டும் என்பது.

அற்றேல், துன்பம் முன்செய்த வினையின் பயனன்றோ? வினை தன் பயனைத் தருமாயின், ஈண்டு இறைவனுக்கும் அவன் அன்புக்கும் இடம் யாது? எனின், கூறுதும். வினை சடம். செய்தவன் யாவன், பயன் எவ்வளவு, அஃது எக்காலத்து எவ்விடத்து எய்தற்பாலது என்று தானாக அறிந்து சென்று பொருந்த அதனால் இயலாது. அறிவுடைய முதல்வனே அதனைக் கூட்டுவிக்கின்றான். உயிர் பல பிறவிகளில் ஈட்டிய சஞ்சிதம் அளவிடற்கரிய குவியல். அக்குவியல் முழுதும் ஒருங்கே வந்து வீழுமாயின் எவ்வுயிரும் தாங்காது. அதனுள் ஒரு கூறே இப்பிறப்பிற்குரிய பிராரத்தமாக அளந்து ஊட்டப்படுகின்றது. துன்பத்தில் மூழ்கியவன் வந்ததையே எண்ணுவான். வாராது நிறுத்தப்பட்டதை எண்ணான். அளக்கும் கை ஒன்று உண்டு என்பதும், அக்கை பகைவன் கையன்று என்பதுமே சைவன் பற்றி நிற்கவேண்டிய முதற் கொள்கையாம்.

இனி, முற்றும் வல்லவனாகிய முதல்வன் துன்பமின்றியே மலத்தை நீக்கலாகாதோ? என்பது அடுத்த ஆசங்கை. ஆணவம் செம்பிற் களிம்பு போல உயிரோடு அநாதியே பொருந்தியது. அதன் வலி கெடுதற்குப் பக்குவம் வேண்டும். பழுக்காத கட்டியை அறுப்பவன் நல்ல மருத்துவன் அல்லன். ஆதலின், இறைவன் தன் ஐந்தொழில்களுள் மறைத்தலால் உயிரை உலக நுகர்ச்சியிற் செலுத்தி, மலபரிபாகம் வருமளவும் காத்து நிற்கின்றான். அம்மறைப்பாற்றல் மலத்தோடு உடனாய் நின்று தொழிற்படுதலின் மலம் என்று உபசரித்துக் கூறப்படினும், உண்மையில் அருளே என்பது சித்தாந்தத் துணிபு. முகம் மறைத்து நிற்பவன் அகன்று போனவன் அல்லன் என்பது இதன் கருத்து.

கொள்கையளவில் இவை தெளிவே. ஆயினும், வருந்துபவனுக்கு நூற்பொருள் மட்டும் போதாது. வழிநடந்தார் ஒருவரது அடிச்சுவடு வேண்டும். அது சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துள் நம்பியாரூரர் கண்ணிழந்த வரலாற்றில் விளங்கக் கிடக்கின்றது.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விழைந்த நம்பியாரூரர் இறைவனையே தூதாக வேண்டினார். இறைவனும் சங்கிலியார் கனவில் தோன்றி இசைவித்தான். பிரிந்து செல்லேன் என்று சூளுறவு செய்தல் வேண்டும் என்று முடிவாயிற்று. நம்பியாரூரரோ, தாம் சந்நிதியில் சூளுறும்போது இறைவன் மகிழின்கீழ் இருத்தல் வேண்டும் என்று தோழமை உரிமையால் கேட்டுக்கொண்டார். பின்னொரு நாள் அகலுதற்கு வழி வைத்துக்கொள்வதே அவர் எண்ணம். இறைவன் அதற்கும் உடன்பட்டான். உடன்பட்டு, சூளுறவை மகிழின்கீழே கொள்ளும்படி சங்கிலியாருக்கும் உணர்த்தினான். வன்றொண்டர் மகிழின்கீழ்ச் சூளுற்றார். பின்னர் வேனில் வந்தது, தென்றல் வீசிற்று, திருவாரூர் விழா நினைவில் எழுந்தது. அவர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி மறைந்தன.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தடுத்தாட்கொண்டவன் இறைவன்; தோழன் என்று ஏற்றவனும் அவனே. அத்துணை அன்பன் இவ்வளவு கடுமையாக ஒறுத்தல் தகுமோ? தகும். சூளுறவு நம்பியாரூரரோடு மட்டும் முடிந்ததன்று. அதன் மறுமுனையில் சங்கிலியார் நின்றார். அவரும் இறைவன்பால் மாறா அன்பு பூண்டவர். அவன் சொல்லை நம்பித் தம்மை அளித்தவர். தோழன் என்பதற்காக அச்சூளினை இறைவன் காற்றில் விட்டிருப்பானாயின், அது தோழமையாகத் தோன்றலாம். சங்கிலியாருக்கு அது கைவிடுதல் ஆகும். ஒருவரை ஒறாது விடுதல் மற்றொருவரை வஞ்சித்தலாய் முடியுமிடத்து, ஒறுத்தலே வாய்மை. இறைவனது அன்பு நிலையானது என்று கூறுவதன் பொருள், நம் விருப்பம் அனைத்திற்கும் அது வளைந்து கொடுக்கும் என்பதன்று. எவ்வுயிர்க்கும் அது பொய்யாகாது என்பதே. அவ்வுறுதி தன்மேல் ஒறுப்பாக வந்து வீழும்போதும் அதுவே உறுதி என்று உணர்பவன் மெய்யன்பன்.

அடுத்து, ஒறுத்தவன் அகன்றுவிட்டானா? இல்லை. கண்ணிழந்த நம்பியாரூரர் திருமுல்லைவாயில் வணங்கித் திருவெண்பாக்கம் சென்று, இக்கோயிலில் இருக்கின்றீரோ என்று வினவினார். இறைவன் ஓர் ஊன்றுகோல் அளித்து, தான் அங்கிருப்பதைத் தெரிவித்து, மேற்செல்லுமாறு விடை பகர்ந்தான். அப்பழைய தலம் 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்தினுள் அடங்கிவிட, திருக்கோயில் பின்னர்ப் பூண்டியில் எழுப்பப்பட்டது. ஊர் நீரில் மறைந்தும் ஊன்றுகோல் தந்த வரலாறு மறையவில்லை.

அக்கோல் கண்ணுக்கு ஈடாகுமோ எனின், ஆகாது. கோல் பெற்ற நம்பியாரூரர் மகிழவும் இல்லை. தோழமை முறையால் நொந்தே பாடினார். ஆயினும், அக்கோலில் அடங்கிய பொருள் பெரிது. தண்டம் இன்னும் முடியவில்லை. எனினும் துணை தொடங்கிவிட்டது. கண் கொடுத்த பின்னர் அருளினான் என்று கூறுதற்கு நம்பிக்கை வேண்டுவதில்லை, கண்டதைக் கூறுதலே போதும். கண் இல்லாதபொழுது கையில் வந்த கோலைக் கண் கொண்டவனே தந்தான் என்று அறிதலே நம்பிக்கை. துன்பமுற்றார் ஒவ்வொருவர் வாழ்விலும் இத்தகைய கோல் ஒன்று இருக்கும். நோயாளியின் அருகில் உறங்காதிருக்கும் துணைவி, உற்ற காலத்து வந்த அயலான், கண்ணீரினிடையே நாவில் எழுந்த திருவைந்தெழுத்து ஆகிய இவையெல்லாம் துன்பத்தை நீக்கவில்லை என்று இகழற்பாலன அல்ல. நீக்குபவன் அண்மையில் உள்ளான் என்று அறிவிப்பன.

கோல் ஊன்றி நடந்தவர்க்குக் காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் ஒளி வந்தது. அங்கும் முழுதும் வரவில்லை. உடற்பிணி திருத்துருத்திக் குளத்தில் நீங்கிற்று. வலக்கண் திருவாரூரிலேயே கிடைத்தது. இறைவன் ஒருங்கே தரவல்லவன். எனினும் படிப்படியாகவே தந்தான். ஒவ்வொரு படியிலும் ஒரு தலமும் ஒரு பதிகமும் வாய்த்தன. அவர் கண்ணோடு சென்றிருந்தால் விரைந்து ஆரூர் சேர்ந்திருப்பார். உலகம் அப்பதிகங்களை இழந்திருக்கும்.

இவ்வழியில் அவர் மௌனமாகப் பொறுத்தாரல்லர் என்பதும் கருதத்தக்கது. முறையிட்டார், இடித்துரைத்தார், ஊடினார். இதனைக் குறையாகக் கொள்வார் உளர். அஃது அறியாமை. பிறன் வாயிலில் நின்று எவரும் ஊடுவதில்லை. தம்மவன் என்ற உரிமை உள்ளவிடத்தே ஊடல் நிகழும். நம்பியாரூரர் கடிந்து பேசினாரேனும் வேறொரு வாயில் நாடவில்லை; நடத்தலையும் நிறுத்தவில்லை. நம்பிக்கையின் அடையாளம் கண்ணீர் இன்மையன்று, திசை மாறாமையே. கண்ணைக் கொண்ட அதே பெருமான், பின்னர் இத்தோழரின்பொருட்டுப் பரவையார் மனைக்கு நள்ளிரவில் இருமுறை தூது நடந்தான் என்பதை எண்ணுவார்க்கு அவன் ஒறுப்பில் வெறுப்பில்லை என்பது இனிது விளங்கும்.

இறுதியாக ஒன்று கூறவேண்டுவது உண்டு. துன்பம் அருளென்று தன்னளவில் கொள்ளுதல் ஞானம். பிறர் துன்பத்தைக் கண்டு, அஃது அவர் வினை என்று கூறி வாளாவிருத்தல் கொடுமை. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் மக்கள் வினையை ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. இறைவன் நாள்தோறும் அளித்த படிக்காசால் அடியாரை ஊட்டினார்கள். தமக்கையார் திலகவதியாரும், சூலையோடு மீண்டு வந்து அடியில் வீழ்ந்த தம்பியாரைப் பழைய பிழை சொல்லிக் கடியவில்லை. திருநீறளித்துத் திருவீரட்டானத்திற்கு அழைத்துச் சென்றார். ஒறுத்தல் இறைவன் ஒருவனுக்கே உரியது, அவனே அளவறிந்தவன். அடியார்க்கு உரியது ஊன்றுகோலாதல் ஒன்றே.

ஆகவே, துன்பம் வந்துழி, "இஃது எப்பொழுது தீரும்?" என்னும் வினாவோடு, "இதனிடையே என் கையில் தரப்பட்ட கோல் யாது? யான் யாருக்குக் கோலாதல் வேண்டும்?" என்னும் வினாவையும் சைவ நன்மக்கள் எழுப்புவாராக. முதல் வினாவின் விடை முதல்வன் திருவுள்ளத்தது. பின்னைய இரண்டின் விடை இன்றே கிடைக்கும். அவ்விடை பற்றி நடப்பார்க்கு ஆரூர் தொலைவில் இல்லை.

திருச்சிற்றம்பலம்