பாழூர்களும் நம் நாவும்

எழுமலையிலிருந்து கீழடி பார்த்து வந்த சிலர், "புதைந்த ஊரெல்லாம் அதாபு இறங்கிய ஊர்தானே, ஹஜரத்?" என நம்மிடம் கேட்கின்றனர். அப்படிச் சொல்லலாகாது.

மிஸ்ரு நாட்டின் செங்கடற்கரையில் பெரனிகே என்ற துறைமுகம் பாழாய்க் கிடக்கிறது. 1990-களின் அகழ்வில், நம் நாட்டுச் சாடியில் 7½ கிலோ மிளகும், பழந்தமிழ் எழுத்தில் 'கொற்றன்' எனப் பெயர் பொறித்த பானையோடும் அங்கே கிடைத்தன. துறை மணலால் தூர்ந்தது, வணிகம் வேறிடம் போயிற்று, மக்களும் பெயர்ந்தனர். இதில் அதாபு எங்கே?

ஸமூது கூட்டத்தார் அழிக்கப்பட்டதைக் குர்ஆன் கூறுகிறது. அதனாலேயே நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரை அழுதவாறு கடக்கச் சொன்னார்கள். வஹீ சொல்லாத ஊர்மீது தண்டனையைச் சுமத்த நாம் யார்? பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப் போகிறவர்கள், அம்மக்கள் இறக்கிய உறைகிணற்றைக் காட்டுங்கள்.