உழைப்புக்கு யார் சாட்சி?

ஓட்டத்தின் பவரை அளக்கும் சென்சாரை ஸ்போர்ட்ஸ் வாட்ச்சோடு இணைப்பது ஐந்து நிமிட வேலை. நான் வைத்திருப்பது ஸ்ட்ரைட். ஷூ லேஸில் மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டு. லேசாகக் குலுக்கினால் விழித்துக்கொள்ளும். வாட்ச்சில் சென்சார் பட்டியலுக்குப் போய் புதிதாகச் சேர்க்கச் சொன்னால் தேடத் தொடங்கும். அந்த நேரத்தில் மற்றவர்களுடைய சென்சார்களிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது கார்மின் கையேடு. காரணம் இருக்கிறது. ஆன்ட் ப்ளஸ் என்ற ரேடியோ முறையில் பேசும் சென்சார், யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வாட்ச் அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து அந்த ஒரு குரலை மட்டும் கேட்கும். மாரத்தான் தொடங்கும் கூட்டத்துக்குள் நின்று இணைத்தால், பக்கத்தில் நிற்பவருடைய காலின் கதை உங்கள் கணக்கில் ஏறிவிடலாம்.

இதெல்லாம் சுலபம். ஆனால் சென்சாரை முதன்முதலில் அமைக்கும்போது ஃபோனில் இருக்கும் ஆப் ஒன்று கேட்கும்: உங்கள் எடை எவ்வளவு? நான் மாட்டிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான்.

சைக்கிளில் பவர் அளப்பவர்களிடம் இந்தக் கேள்வி இல்லை. ஜெர்மனியில் உல்ரிச் ஷோபெரர் 1986-இல் எஸ்ஆர்எம் கருவியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து கொள்கை ஒன்றுதான். பெடலை மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவிலிருந்து முறுக்குவிசை, அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். நீங்கள் யார், எத்தனை கிலோ என்று உலோகத்துக்குக் கவலையில்லை. ஓடுபவனுக்குப் பெடல் கிடையாது. ஷூவில் இருக்கும் சென்சாருக்குத் தெரிவது பாதத்தின் முடுக்கம், சுழற்சி, ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் காற்றழுத்தம். இவற்றோடு நீங்கள் கொடுத்த எடையையும் சேர்த்து, ஒரு கணித மாதிரி வாட்டை ஊகிக்கிறது. சோதித்துப் பார்க்கலாமே என்று ஒருநாள் ஆப்பில் என் 68 கிலோவை 78 ஆக்கிவிட்டு ஓடினேன். அதே சாலை, அதே வேகம். வாட் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறியது. ஒரே இரவில் பலசாலி!

ஊகம் என்பதாலேயே அது உதவாது என்று சொல்லமாட்டேன். மேம்பாலம் ஏறும்போது வேகம் குறையும், உழைப்பு குறையாது. அந்த இடத்தில் வேகத்தைவிட வாட் நேர்மையானது. ஒரே சென்சார், ஒரே ஆள், ஒரே எடை என்றால் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் வாட்டும் இன்னொன்றின் வாட்டும் ஒத்துப்போவதில்லை. மாதிரிகள் வேறு, பெயர் மட்டும் ஒன்று. வாட் என்ற சொல்லுக்கு ஓர் இயற்பியல் மரியாதை இருக்கிறது. '215' என்று திரையில் வந்ததும் அது கருத்தாகத் தெரிவதில்லை, தீர்ப்பாகத் தெரிகிறது.

அந்தச் சொல்லுக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் வாட், தன் நீராவி இயந்திரத்தைக் குதிரைகளை மட்டுமே அறிந்தவர்களிடம் விற்க வேண்டியிருந்தது. ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்ட் வேலை செய்யும் என்று கணக்குப் போட்டார். குதிரையை யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் இருக்கிறார். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க். 1960களில் அவர் உருவாக்கிய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். ஓடிக்கொண்டிருப்பவரிடம் 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?' என்று கேட்பார்கள், அவர் ஓர் எண் சொல்லுவார். அவ்வளவுதான். சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத்துடிப்புக்குப் பக்கத்தில் வரும். 6-இல் தொடங்குவது அதனால்தான். எனக்குப் பிடித்தது அதில் உள்ள துணிச்சல். உன் உழைப்புக்கு நீயும் சாட்சி என்று ஓர் அறிவியலாளர் ஒத்துக்கொள்கிறார்.

சென்னையில் ஓடுபவர்களுக்கு இது வெறும் தத்துவம் இல்லை. ஜனவரி காலை பெசன்ட் நகரில் 215 வாட்டில் ஓடினால் என் துடிப்பு 148. மே மாதம் விடிகாலை ஐந்து மணிக்கு அதே சாலை, அதே 215, துடிப்பு 165. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும். இதயம் இரண்டு முதலாளிகளிடம் வேலை பார்க்கிறது. பாதத்தில் இருக்கும் சென்சாருக்கு இது எதுவுமே தெரியாது. வெளியே வந்தது எவ்வளவு என்று சொல்லும், அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று சொல்லாது. அந்த மே மாதம் என் வாட் 200-க்கு இறங்கியபோது, எங்கள் ஓட்டக்குழு நண்பர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயில்லாம் சும்மா சாக்குடா. சோம்பேறி ஆயிட்ட, அதான்."

கிண்டல்தான். ஆனால் அதே வாக்கியத்தை நாகரிகமான சொற்களில் எழுதுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் அணி என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் மதிப்பீடு எழுத வேண்டும். எங்கள் ஸ்டோரி பாயின்ட்டும் எடைக் கேள்வி மாதிரிதான்: இந்த வேலை மூன்றா ஐந்தா என்று நாங்களே குத்துமதிப்பாகச் சொல்வோம். மூன்று மாதம் கழித்து அதே குத்துமதிப்பு 'வெலாசிட்டி' என்ற பெயரில் வரைபடமாகத் திரும்பி வந்து எங்களை அளக்கும்.

அணியில் ஓர் இளம்பெண். அடையாளம் தெரியாதிருக்க விவரத்தை மாற்றிச் சொல்கிறேன். அவள் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்கிறாள். அந்தக் காலாண்டில் அவள் எண்ணிக்கை அணியிலேயே குறைவு. என்னிடம் மட்டும்தான் காரணத்தைச் சொல்லியிருந்தாள்.

அவள் கொடுத்த விலையையும் சேர்த்து மதிப்பெண் போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்குத் தெரிவது அவள் துடிப்பு மட்டும். பக்கத்து மேசையில் எதுவும் சொல்லாமல் வேலை பார்க்கிறவன் வீட்டில் என்ன நடக்கிறது? எல்லோரும் ஏதோ அலைவரிசையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இணைத்துக்கொண்டது ஒரு எண்ணை. என்னிடம் மனம்விட்டுப் பேச முடிந்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் என்றால், அது வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவனுக்கு நான் செய்யும் அநியாயம். வெளியீட்டை வெளியீடு என்றே எழுதுவதில் தப்பில்லை. 2019-இல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடினார். அதே தூரத்தை ஆறு மணி நேரத்தில் முடிக்கும் ஒருவர் அவரைவிடக் குறைவாக உழைத்தார் என்று கடிகாரம் சொல்லவில்லை, நாம்தான் சேர்த்துச் சொல்கிறோம்.

அதனால் முடிக்கப்பட்ட வேலைகள் என்ற இடத்தில் குறைந்த எண்ணை அப்படியே போட்டேன். அடுத்த கட்டம் 'முயற்சி'. போதுமானது, போதாது என்று இரண்டே தேர்வுகள். காலியாக விட்டால் படிவம் நகரமாட்டேன் என்றது. மனிதவளத் துறையை அழைத்தேன். "எண்ணைப் பார்த்து எதையாவது போடுங்க சார்," என்றார் அங்கிருந்தவர். எல்லா எட்டுப் பேருக்கும் 'போதுமானது' என்று போட்டேன், அதிகம் முடித்தவனுக்கும் அவளுக்கும். குறிப்புப் பெட்டியில் 'இதை அளக்க என்னிடம் எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

அவளிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

"அப்ப போனஸ் குறையுமா அண்ணா?"

"குறையும்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முயற்சின்ற எடத்துல என்ன போட்டீங்க?" என்று கேட்டாள்.