யாருக்காக இந்தக் கண்?

என் தமையனார் மகளுக்கு வயது 22, கிட்டப்பார்வை உடையவள். திருமணப் பேச்சு எழுந்ததும், லேசர் சிகிச்சையால் மூக்குக்கண்ணாடியை நீக்கிவிடலாம் என்றனர் வீட்டார். "நான் என்ன செய்வது, சித்தப்பா?" என்றாள் அவள்.

சிகிச்சையை நான் குறைகூறேன். பலர் நற்பயன் பெற்றுள்ளனர். 'லேசிக்' முறையில் கருவிழியின் மேற்படலத்தை மடல்போல் திறந்து, உட்பகுதியை லேசரால் செதுக்குகின்றனர். செதுக்கியது மீண்டும் வளராது. சிலருக்குக் கண் வறட்சி நீடிக்கும். 40 வயதைக் கடந்தபின் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படலாம். மூக்குக்கண்ணாடியையோ வேண்டும்போது கழற்றி வைக்கலாம்.

சிற்றுயிரை மிதியாது நிலம் நோக்கி நடக்கவேண்டும் என்பது நம் ஒழுக்கம். அதற்குக் கண்ணாடியே போதும். அது தொல்லையென்று அவளே கருதினால் செய்துகொள்ளட்டும், தவறில்லை. பெண்பார்க்க வருவோர் மனம் மகிழ, நோயற்ற கருவிழியைச் செதுக்குவதோ? தமையனாரிடம் இதையே கேட்டேன். அவர் இன்னும் மறுமொழி கூறவில்லை.