விற்றபின்னும் விடாத பிடி

கிண்டிலில் காசு கொடுத்து வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிச் சேமித்துக்கொள்ள இருந்த வசதியை, 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் நிறுத்திவிட்டது. 2009இல் இதே நிறுவனம் ஆர்வெலின் '1984' நாவலை வாசகர்களின் கருவிக்குள் புகுந்தே அழித்தது. தன் தளத்தில் அந்தப் பதிப்பை ஏற்றி விற்றவருக்கு அதன் உரிமை இல்லையென்று காரணம் சொன்னது. பணத்தைத் திருப்பித் தந்தது. கண்டனம் எழுந்தபின் மன்னிப்பும் கேட்டது. ஆனால் வாங்கியவரின் வீட்டுக்குள் எட்டும் கை ஒன்று தன்னிடம் இருப்பதை உலகத்துக்குக் காட்டிவிட்டது. அந்தக் கை அறத்துக்குப் புறம்பானது. விலையைப் பெற்றுக்கொண்டபின் விற்றவருக்குப் பொருளின்மேல் பிடி கிடையாது.

இது நகரத்து வாசகரின் கவலை மட்டுமன்று. இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. டீசல் பாய்ச்சுவதை மின்னணுக் கட்டுப்பாடு எடுத்துக்கொண்டது. காற்றைக் காக்கும் விதி அது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் சீர்காழிப் பட்டறை மெக்கானிக்கிடம் நிறுவனத்தின் ஸ்கேனரும் மென்பொருளும் இல்லாவிட்டால், அவருடைய கைத்திறன் பாதி வழியில் நின்றுவிடும். கம்பெனி ஆள் வரும்வரை வண்டி வரப்போரம் கிடக்கும். தை மாதம் சம்பா முற்றி நிற்கும்போது ஒரு மழை அடித்தால் கதிர் சாய்ந்து நெல் முளைத்துவிடும். அந்த நட்டம் முழுவதும் கடன் வாங்கி வண்டி வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

விற்பவருக்கான அறம் நம் மண்ணுக்குப் புதிதன்று. பூம்புகார் வாணிகத்துக்கே பெயர்பெற்ற ஊர். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறைவும் இல்லாத நடுவுநிலை நெஞ்சினர் என்று இவ்வூர் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்கிறார் வள்ளுவர். சோழனின் புலி இலச்சினை சுங்கத்துக்காகப் பொருள்மேல் பதிந்தது; வாங்கியவர் வீடுவரை போய்க் காவல் நிற்க அன்று. பெயரும் அளவும் பொறித்த பொதிகள் காவலின்றிக் கிடந்த மன்றத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பொதியில் பெயர் யாருடையதோ அவருக்கே அது உரியது என்பதில் ஊருக்கு ஐயம் இருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, புகாரில் பிறந்த கண்ணகி பாண்டியன் அவையில் தன் சிலம்பை உடைத்தாள். உள்ளிருந்து தெறித்த மாணிக்கம் அவள் கணவன் கோவலன் கள்வனல்லன் என்று காட்டியது. தனக்குரிய பொருளைத் திறந்து காட்ட அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. திறக்கக்கூடாது என்றொரு விதி அந்த அவையில் இருந்திருந்தால் அநீதியே தீர்ப்பாக நிலைத்திருக்கும். இன்று டிராக்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்க உடையவருக்கு வழியில்லை என்பது எந்த அறத்தில் சேரும்?

நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆராய்ச்சிக்குச் செலவிட்டிருக்கிறார்கள், அரைகுறைப் பழுதுபார்ப்பு விபத்தில் முடியலாம். அதற்கு மருந்து பயிற்சியும் தரமான உதிரிபாகமுமே, பூட்டு அன்று. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் இழுபட்டாலும், காருக்குச் சொன்ன அந்த நீதி டிராக்டருக்கும் பொருந்தும்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அக்குழு எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் இருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். ஆனால் 2025 மே மாதம் அரசின் கைக்கு வந்த, பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் பழுதுபார்ப்புக் குறியீட்டு அறிக்கை, கைபேசியையும் மின்னணுப் பொருள்களையும் பற்றியது. உழவரின் கருவி பின்னுக்குப் போய்விட்டது. பழுதறியும் மென்பொருளையும் உதிரிபாகங்களையும் பணிமனைக் கையேட்டையும் நியாயமான விலையில் எந்தப் பட்டறைக்கும் தர வேண்டும் என்று சட்டமாக எழுதுவதே அரசின் கடமை. கையேடு தமிழிலும் வர வேண்டும். இணையதளத்தில் விருப்பப்பட்ட நிறுவனம் விவரம் போடலாம் என்ற ஏற்பாடு தை அறுவடைக்கு உதவாது.