எண்பது விழுக்காடு

நெய்வேலியின் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் காத்து நிற்பது நமக்குப் பழகிய காட்சி. காவலர் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் வினவுகிறார். நாமும் விடை சொல்கிறோம். மின்சாரம் பிறக்கும் இடத்தைக் காப்பது முறையே. ஆயினும் ஐயுறும் பணி செயற்கை நுண்ணறிவிடம் கைமாறினால், விடை சொல்லும் வாய்ப்பு நமக்கு எஞ்சுமா?

முகமறியும் கருவி 80 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை காட்டினால் அதனைச் சரியான அடையாளமாகக் கொள்வதாக டில்லிக் காவல்துறை தெரிவித்தது, 2022 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. அதற்குக் குறைந்தாலும் விசாரணை தொடரக்கூடுமாம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1608 ஆம் விதியோ, தீர்ப்பிடும் நடுவரின் உள்ளத்தில் அறநெறி உறுதி பிறந்திருக்க வேண்டும் என்கிறது. பிறக்காவிடில், பொதுவாக எதிர்த்தரப்பினரை விடுவிக்க வேண்டும். காவல்துறை நீதிமன்றம் அன்று என்பது உண்மையே. ஆனால் நாட்டுப் பாதுகாப்பு என்று வந்துவிட்டால், நீதிமன்றத்தைக் காணுமுன்னரே ஒருவர் சிறைக்குள் இருப்பார்.

தேசியப் பாதுகாப்புச் சட்டம், 1980 இன்படி தடுத்து வைக்கப்பட்டவருக்கும் காரணங்களை விரைவில் தெரிவித்து, முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22(5) ஆம் உறுப்பு. பொதுநலன் கருதிச் சில செய்திகளை மறைக்கலாம். காரணத்தையே மறைக்க இடமில்லை. கணிப்பொறி ஈன்ற ஓர் எண்ணைக் காரணமாக எழுதித் தந்தால், "அது என் முகமன்று" என்பதைத் தவிர அந்த ஏழை வேறென்ன முறையிடுவான்?

தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017 இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்கு வரம்பிடும் சட்டம் நோக்கத்திற்கேற்ற அளவுடையதாயிருக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவோ, நாட்டின் பாதுகாப்பு முதலியவற்றை முன்னிட்டு, அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்களிக்கிறது. நோக்கம் சொல்லப்பட்டிருக்கிறது, அளவு சொல்லப்படவில்லை. இது நமக்கு அச்சம் தருகிறது.

கருவியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் கூறவில்லை. தடுப்புக் காவல் ஆணையின் அடியில் ஓர் அதிகாரியின் கையொப்பம் இருக்கிறது. அவர் கருவி தந்த எண்ணை மட்டும் பார்த்தாரா, அந்த மனிதனின் முகத்தையும் பார்த்தாரா, அக்கருவி எத்தனை முறை தவறியது என்பதை அறிந்திருந்தாரா என்று ஆலோசனைக் குழு கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.