உடன் நிகழ்தலும் உண்டாக்குதலும்

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் புஷ்கரணியிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திமரப் பெருமாளான அத்திவரதர், 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி, முதலில் சயனக் கோலத்திலும் பின்னர் நின்ற திருக்கோலத்திலும் 48 நாட்கள் சேவை சாதித்தருளினார். அதே காலத்தில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 17-ஆம் தேதி பெருமாள் மீண்டும் நீருக்குள் எழுந்தருளினார். அதையடுத்து வந்த நாட்களில் மழையும் பெய்தது. வரதனின் அனுக்கிரகமே மழையாய் இறங்கிற்று என்று பக்தர்கள் பலர் நெஞ்சுருகினார்கள். அந்த உருக்கத்தைப் பரிகசிப்பது எளிது. ஆனால் பரிகாசம் விசாரணை ஆகாது. ஒன்றை அடுத்து மற்றொன்று நிகழக் கண்ட அளவில், முன்னது பின்னதற்குக் காரணம் என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதே, ஆஸ்திகனும் நாஸ்திகனும் ஒருங்கே விடைதேட வேண்டிய கேள்வி.

இக்கேள்வியின் ஒரு பாதியைப் புள்ளியியல் தெளிவாக வகுத்துத் தந்திருக்கிறது. இரண்டு மாறிகள் ஒவ்வொன்றும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று ஆண்டுதோறும் குறித்துக்கொண்டு, அவ்விரு விலக்கங்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, அப்பெருக்கங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அவை சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குகின்றனவா, ஒன்று ஏற மற்றது இறங்குகிறதா, அல்லது தத்தம் போக்கில் போகின்றனவா என்பது புலனாகும். 1888-இல் பிரான்சிஸ் கால்டன் தொடங்கிவைத்து, கார்ல் பியர்சன் கணித வடிவம் கொடுத்த ஒட்டுறவுக் கெழு, இதனை அவ்விலக்கங்களின் அளவால் வகுத்து −1 முதல் +1 வரையிலான ஓர் எண்ணாகச் சுருக்கித் தருகிறது. எனினும், அந்த எண் நேர்கோட்டு உறவை மட்டுமே காட்டும். ஏரிகளை நம்பி வாழும் இந்தச் சீமையில் மழை குறைந்தால் பயிர் கருகும், மிகுந்தால் அழுகும். ஆகையால் மழைக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு உயிர்நாடியாக இருந்தும், கெழு பூஜ்யத்தை ஒட்டியே நின்றுவிடக்கூடும். மேலும், மாறுபட்ட இரண்டே நிகழ்ச்சிகளைக் கொண்டு கணக்கிட்டால் கெழு எப்போதும் +1 அல்லது −1 என்றே வரும். 1979, 2019 என்ற இரு தரிசனங்களை மட்டும் வைத்து எதையும் நிலைநாட்ட முடியாமைக்கு இதுவே காரணம்.

மறுபாதியை நாம் வெளியே தேடிப்போக வேண்டியதில்லை. காஞ்சிக்கு அருகே சிம்மவக்திரம் என்ற ஊரில் பிறந்தவர் என்று திபெத்தியப் பௌத்த வரலாறுகள் கூறும் திங்நாகர், ஒரு ஹேது, அதாவது அனுமானத்துக்கு ஆதாரமான காரணம், மெய்யான ஹேதுவாக வேண்டுமானால் மூன்று லக்ஷணங்கள் வேண்டும் என்றார்: ஆராயப்படும் பொருளில் அது இருத்தல், சாத்தியம், அதாவது நிறுவ வேண்டியது, உள்ள இடத்தில் இருத்தல், சாத்தியம் இல்லாத இடத்தில் இல்லாதிருத்தல். உடன் இருந்ததை மட்டும் எண்ணுகிறவன் பாதி வழியே வந்தவன். உடன் இல்லாததையும் எண்ணியவனே கரை சேர்ந்தவன். அவ்வாறு எண்ணிப் பார்த்தால், அத்திவரதர் நீருக்குள் பள்ளிகொண்டிருந்த 2015-ஆம் ஆண்டின் இறுதியில்தான் காஞ்சிபுரம் மாவட்டமும் சென்னையும் பெருமழையில் மூழ்கின.

நியாய தரிசனத்தைச் சேர்ந்த தர்க்கவாதிகளான நையாயிகர்கள் இன்னும் ஓர் அடி முன்சென்று, உபாதி என்ற நுட்பத்தைக் காட்டினார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது உண்மை. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பதோ உண்மையன்று, ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருந்தும் புகை இல்லை. புகைக்கு ஈர விறகின் சேர்க்கை வேண்டும், அதுவே உபாதி. ஆடி, ஆவணியில் நடக்கும் எந்த உற்சவத்தையும் அடுத்துச் சில மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக வரும் இத்தமிழ்நாட்டில், பருவமே அந்த மறைந்து நிற்கும் உபாதி. 1926-இல் உட்னி யூல் என்ற ஆங்கிலேயர், 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் திருச்சபை முறையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் மரண விகிதத்துக்கும் கெழு 0.95 என்று கணக்கிட்டுக் காட்டி, இரண்டும் காலப்போக்கில் குறைந்துவந்தவை என்பதைத் தவிர அதில் பொருளில்லை என்று எச்சரித்ததும் இதே நுட்பத்தைப் பற்றித்தான்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் விவகாரம் அன்று. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி முகூர்த்தத்தில் கல்யாணமாகி ஒரு பெண் அந்த வீட்டுக்கு வருகிறாள்; அடைமழையும் அதே வாரம் வருகிறது. குழித்தறியின் குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்ட வெயில் இல்லை. ஓடாத தறியில் கூலியும் இல்லை. ஈரத்தில் குழந்தைகளுக்குக் காய்ச்சல். தறி நின்றதற்கும் காய்ச்சல் வந்ததற்கும் மழையே காரணமாயிருக்க, “இவள் அடியெடுத்து வைத்த வேளை” என்று அக்கம்பக்கம் அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போடுகிறது. உடன் நிகழ்ந்ததை உண்டாக்கியதாகக் கொள்ளும் அவிவேகம், இவ்வாறு ஒரு நிரபராதியின் வாழ்வைச் சுடும் அதர்மமாகிறது. ராசியில்லாதவள் என்ற சொல்லைக் கேட்டு எத்தனை பெண்கள் இரவுகளில் விசும்பியிருப்பார்கள்! பக்தியின் பெயரால் இதைப் பொறுத்துக்கொள்வது பக்திக்கே இழுக்கு.

பக்திக்கும் இவ்விசாரணைக்கும் பகையில்லை என்பதற்குக் காஞ்சியின் தூப்புலில் 1268-இல் அவதரித்த வேதாந்த தேசிகரே சாட்சி. வரதராஜ பஞ்சாசத் என்ற துதியால் பேரருளாளனான வரதனைப் பாடிய அந்த மகான்தான், நியாயபரிசுத்தி என்ற பிரமாண நூலையும் இயற்றினார். அவர் போதித்த சரணாகதி, மழைக்கு விலை பேசும் வியாபாரம் அன்று. மழை கண்டு நம்பியவன், மழை பொய்த்த ஆண்டில் நம்பிக்கையையும் இழக்க நேரும்.

அந்தர்யாமியாய் எங்கும் நிறைந்தவன் என்று வைஷ்ணவம் கூறும் இறைவன், மழை பெய்த ஆண்டிலும் உண்டு, பொய்த்த ஆண்டிலும் உண்டு. அவன் இல்லாத ஓர் ஆண்டை ஒப்பிட்டுப் பார்க்க நமக்குக் கிடைக்காது. ஒருபோதும் மாறாத ஒன்றுக்கு விலக்கமே பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க நேர்வதால் அதற்குக் கெழு காணவே இயலாது. ஆகையால் இறைவன் உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல இந்தக் கணக்குக்கு அதிகாரம் இல்லை. மாறுகின்றவற்றைப் பற்றிச் சொல்ல அதற்குப் பூரண அதிகாரம் உண்டு. அங்கே அதன் தீர்ப்பைக் கேட்டு, ஏரியைத் தூர்வாரி, தறிக்குழியில் நீர் புகாமல் தடுத்து, மருமகளைப் பழியிலிருந்து விடுவிப்பது, வரதன் சந்நிதியில் கைகூப்பி நிற்பவனுக்கும் உரிய தர்மமே.