புகையும் உரிமையும்

"என் காசு, என் வாய், என் நுரையீரல்! தடுக்க நீ யார்?" என்று கேட்கிறார் புகைப்பவர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் உடலுக்குத் தானே தலைவன் என்பதை நாமும் மறுப்பவரல்லர். 1859-இல் சுதந்திரம் பற்றி நூலெழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் அதை வலியுறுத்தினார், எல்லைக்கோடும் கிழித்தார். பிறர்க்குத் தீங்கு தொடங்குமிடத்தில் சமுதாயம் தலையிடலாம் என்றார்.

புகை அந்தக் கோட்டை மதிக்கிறதா? புகைக்காத மனைவியரையும், கணவர் புகைத்தால், நுரையீரற் புற்றுநோய் மிகுதியாகப் பற்றுகிறது என்று ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா 1981-இல் எடுத்துக்காட்டினார். பிறர் விடும் புகையால் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்கள் காசும் அல்ல, அவர்கள் வாயும் அல்ல. நுரையீரல் மட்டும் அவர்களுடையது!

சட்டம் இல்லையா? உண்டு. 2001-இல் உச்சநீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2003-இல் சட்டம் பிறந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்களும் விதிக்குள் வந்தன. தண்டம் 200 ரூபாய் வரை. முறையிட்டும் தடுக்கத் தவறும் பொறுப்பாளருக்கும் தண்டம் உண்டு.

ஆனால் சட்டம் யாரைத் தேடுகிறது? பேருந்து நிலையத்தில் பீடி பற்றவைக்கும் மூட்டைத் தொழிலாளியைத் தேடுகிறது. மூடிய அறைக்குள் மேலாளர் ஊதினால், கதவைத் தட்டுவது யார்?

பிறரை ஏன் குறை கூறுவது? நாம் பணியேற்ற முதற் பள்ளியில், ஆசிரியர் அறையில், தடைப் பலகைக்குக் கீழேயே மூத்தவர் ஒருவர் புகைப்பார். கருவுற்றிருந்த ஆசிரியை ஒருவர் தம் நாற்காலியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிச் சென்றார். வெளியேற வேண்டியவர் உள்ளே; உள்ளே இருக்க வேண்டியவர் வெளியே! பார்த்தோம், வாய் திறந்தோமில்லை. மரியாதை என்று அதற்குப் பெயரிட்டோம். அச்சம் என்பதே அதன் உண்மைப் பெயர். அடுத்த மணியில் மாணவரிடம் துணிவைப் பற்றிப் பாடம் நடத்தினோம்!

2004 மார்ச் 29-இல் அயர்லாந்து, உலகிலேயே முதல் நாடாக, மதுக்கடைகள் உள்ளிட்ட பணியிடங்கள் அனைத்திலும் புகையை விலக்கியது. குடிக்க வந்தவரைத் திருத்துவதற்காக அன்று. ஊற்றிக் கொடுக்கும் தொழிலாளியைக் காப்பதற்காக! தடையின் அறம் அதுவே. வெளியே செல்ல வாடிக்கையாளருக்கு வழியுண்டு. வேலையை விட்டுப் போகத் தொழிலாளிக்கு வழியேது?

ஆகவே தோழர்களே, பலகை எழுதினால் போதாது. மேலவரோ கீழவரோ, பகையின்றி, பணிவுடன், ஆனால் உறுதியாக, "ஐயா, வெளியே சென்று புகையுங்கள்" என்று சொல்வோம். அன்று நாம் சொல்லத் தவறிய சொல் அது.